ஆமை ஓட்டில் வெள்ளித்தூள்

காட்டில் ஓர் எச்சம் கிடந்தால், அது எந்த விலங்கினுடையது என்பது இரண்டாவது கேள்வி. அது அந்த இடத்துக்கு எப்படி வந்தது, நம் கண்ணில் எதற்காகப் பட்டது என்பதே முதற்கேள்வி. சுரங்கத்துக்கென்று கேட்கப்படும் நிலங்களில் மரம், செடி, கொடிகளையும் விலங்கு, பறவைகளையும் கணக்கெடுத்து, சுரங்கம் வந்தால் அவற்றுக்கு என்ன நேரும் என்று அறிக்கை எழுதுவது என் தொழிலாக இருந்தது. அந்த இரு கேள்விகளின் வரிசை மாறிவிடாமல் காத்துக்கொள்வதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

சென்ற மாதம், நான் பணிசெய்த ஆலோசனை நிறுவனத்திலிருந்து ஒருவர் விருதுநகரில் என் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். இப்போது களத்துக்கு ஆள் போவதற்கு முன்பே ட்ரோன் போய்விடுகிறதாம். கைபேசியில் எடுக்கும் படத்திலேயே இடமும் நேரமும் பதிந்து வருகின்றனவாம். அவற்றையே ஆதாரமாக வைத்தால் போதாதா என்று கேட்டார்.

"படத்தை எடுத்தது யார்?" என்றேன்.

"சுரங்கக் கம்பெனி ஆளுதான் சார் அனுப்பினாரு."

"அவர் எடுக்காமல் விட்ட படங்கள் என்னென்ன?"

மறுமுனையில் அவர் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்களா?" என்றார்.

நான் நம்புகிற ஒருவன் இருக்கிறான். பணிக்காலம் முழுவதும் விடியலில் அவன்மேல் ஒரு பதிகம் பாடிவிட்டுத்தான் காலணியின் கயிற்றைக் கட்டியிருக்கிறேன். அவனிடம் சான்று கேட்டதில்லை. மற்ற யாவரிடமும் கேட்டேன். தொலைபேசியில் இதைச் சொன்னால் கிழவரின் வேடிக்கைப் பேச்சாகப் போய்விடும். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

தாவரவியலுக்கு நான் வந்ததும் அவன் வழியாகத்தான். இளமையில் ஓதிய பாடல்களில் கொன்றையும் எருக்கும் ஊமத்தையும் வன்னியும் வராத நாளில்லை. அவற்றை நேரில் அறிய வேண்டும் என்ற ஆசை பட்டப்படிப்பாயிற்று. பின்னாளில் ஆய்வுப் படிவங்களில் எருக்கையும் ஊமத்தையையும் 'பொருளாதார மதிப்பற்ற களைகள்' என்ற கட்டத்தில் எழுத நேர்ந்தபோதெல்லாம், இறைவன் முடியில் சூடுவதை நாம் எந்தக் கட்டத்தில் தள்ளுகிறோம் என்று என் கை ஒரு கணம் தயங்கியே எழுதும்.

தொடக்க ஆண்டுகள் வடக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் கழிந்தன. கறுத்த தூசி படிந்த இலைகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இனம் காணக் கற்றேன். வெடி வைக்கும் நேரத்தை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டு பறவை பார்க்கக் கற்றேன். அந்தப் பகுதியில் முளைக்கவே முடியாத மரங்கள் சில அறிக்கைகளில் இடம்பெற்றிருப்பதையும், அவை வேறு மாநிலத்து அறிக்கையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவை என்பதையும் அங்கேதான் கண்டேன். சந்தேகம் என்ற நோய் என்னை அங்கே பற்றியது. அதை நோயாக விடாமல் ஒரு முறையாக மாற்றியவர் எங்கள் குழுவின் தலைவரான முனைவர் மரகதவல்லி அம்மையார்.

அம்மையார் பாளையங்கோட்டைக்காரர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. வழிகாட்ட வருகிறவர் வலப்பக்கம் கைநீட்டினால் இவர் இடப்பக்கம் நடப்பார். ஒரே கேள்வியை இருவேறு நாட்களில், இருவேறு ஆட்களிடம், முன்பின்னாக மாற்றிக் கேட்பார். பதிலைக் கேட்டு ஒருமுறை "சரி" என்றால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். "சரி சரி" என்று இருமுறை சொன்னால் ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அவருடைய தோள்பையில் வெவ்வேறு கண்ணளவில் மூன்று சல்லடைகள் எப்போதும் இருக்கும்.

அந்தச் சல்லடையின் வேலையை நான் முதலில் உணர்ந்தது ஒரு நிலக்கரித் தளத்தில். சுரங்கம் வேண்டாம் என்று போராடிய ஊரார், எங்களை அழைத்துப் போய் யானைச் சாணம் காட்டினார்கள். யானை வழித்தடம் என்றால் சுரங்கம் நின்றுவிடும். எனக்கு மனம் குளிர்ந்தது. அம்மையார் ஒரு வாளியில் நீரூற்றிச் சாணத்தைக் கரைத்து, மூன்று சல்லடைகளிலும் மாற்றி மாற்றி அலசினார். மூங்கில் நார் இல்லை, மரப்பட்டை இல்லை. வெந்த சோற்றுப் பருக்கையும் கடலைத் தோலும் தேங்காய் நாரும் தங்கின. கோயில் வாசலிலோ சாமியார்களின் பின்னாலோ நின்று வாங்கித் தின்ற யானையின் சாணம் அது. யாரோ வண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"பொய்தான் மேடம்" என்றேன், சற்று வருத்தத்தோடு.

"சாணம் வந்த வழி பொய். யானை வருதா இல்லையாங்கறது இன்னும் நமக்குத் தெரியாது" என்றார் அவர். பிறகு யாரும் காட்டாத திசையில் நடந்து, ஓடையோரத்து மரங்களில் என் தலைக்கு மேல் உயரத்தில் சேறு உரசிய தடத்தையும் அதில் ஒட்டியிருந்த கரிய மயிரையும் கண்டுபிடித்தார். அறிக்கையில் இரண்டையும் எழுதினார். கொண்டுவந்து போட்ட சாணத்தை எழுத வேண்டாம் என்று ஊராரும், உரசிய தடத்தை எழுத வேண்டாம் என்று நிறுவனத்தாரும் கேட்டுக்கொண்டார்கள். இரு சாராருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றே: "சரி சரி."

இனி, என்னை மிகவும் அலைக்கழித்த ஆய்வுக்கு வருகிறேன். அது என் சொந்த மாவட்டத்திலேயே நேர்ந்தது. ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, சாத்தூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். இக்கட்டுரையில் வரும் பெண்ணை மாரித்தாய் என்றும், நிறுவனத்தின் தள அலுவலரை ரவிக்குமார் என்றும் வைத்துக்கொள்வோம்.

கேட்கப்பட்ட நிலம் கரிசலும் வெண்கல்லும் கலந்தது. நடுவே ஒரு வறண்ட ஓடை. ஓடைக்குக் கிழக்கே அய்யனார் கோயிலைச் சுற்றிக் குடைவேலமும் உசிலும் வன்னியும் அடர்ந்த கோயில்காடு. அதில் ஊரார் ஒரு சுள்ளியும் ஒடிப்பதில்லை. ஓடைக்கு மேற்கே ஒரு நீண்ட துண்டு நிலம், செடியென்று ஒன்றும் இல்லாமல் வெறுந்தரையாக இருந்தது. அதன் ஓரத்தில் கழிவுக்கல் குவியல் ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"இந்தத் துண்டுல பல வருஷமா ஒண்ணுமே முளைக்கல மேடம். குவியலும் பழைய குழியில இருந்து வந்ததுதான்" என்றார் ரவிக்குமார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. எங்களுக்கெனச் சாப்பாட்டுப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். அம்மையார் பொட்டலத்தை வாங்கவில்லை. "சரி சரி" என்றார்.

வேலையைத் தொடங்கினோம். நான்கு முளை அடித்து, நைலான் கயிற்றால் சதுரம் கட்டி, அதற்குள் நிற்கும் மரங்களின் சுற்றளவை மார்பு உயரத்தில் அளப்போம். அதற்குள் சிறு சதுரம் கட்டிப் புதர்களையும், இன்னும் சிறியது கட்டிப் புல்பூண்டையும் எண்ணுவோம். சதுரத்தை எங்கே கட்டுவது என்பதை எங்கள் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண் அழகான இடத்துக்கே போகும். ஆகவே வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எண்களைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்துக் குலுக்கி எடுப்போம். அம்மையார் அதைப் புள்ளியியல் என்பார். அய்யனார் முன் நின்று எடுத்தபோது எனக்கு அது திருவுளச்சீட்டாகவே இருந்தது. இருவரும் ஒரே தாளைத்தான் பிரித்தோம்.

மறுநாள் காலையில் ஊரிலிருந்து சில பெண்களும் கோயில் பூசாரியும் எங்களைத் தேடி வந்தார்கள். "அய்யா, இங்கன வந்து பாருங்க" என்று காட்டுக்குள் அழைத்துப் போனார்கள். ஒரு சங்கஞ்செடிப் புதரின் அடியில் மூன்று நட்சத்திர ஆமைகள். கறுத்த ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்த அந்த அழகை எத்தனை முறை கண்டாலும் எனக்குக் கை குவியும். சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் பெற்ற விலங்கு அது. அதன் வாழிடம் என்று எழுதிவிட்டால் சுரங்கம் எளிதில் நெருங்க முடியாது.

அம்மையார் குனியவே இல்லை. "முதல்ல பாத்தது யாரு?" என்றார்.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பூசாரி தாம்தான் என்றார். ஒரு பெண் தன் ஆடு என்றாள். இன்னொருத்தி, "ஆமைய எண்ண வந்த ஆபீசருக்கு ஆமையக் காட்டுனாலும் குத்தமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வனத்துறையிடம் முன்பே பெற்ற அனுமதி எங்களிடம் இருந்தது. ஆமைகளைத் துணி விரித்த பெட்டியில் வைத்து எடை பார்த்தோம். அப்போதுதான் கண்டேன். ஓட்டின் மேடுகளுக்கிடையே உள்ள வரிப்பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது, தேய்த்தால் வெள்ளியாய்ப் பரவியது. சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பி மத்தாப்பு மருந்தில் கலக்கிற அலுமினியத் தூள். அந்த மருந்தில் கம்பிகளை முக்கி எடுக்கிறவர்களின் கையில் அது படிந்தால் எத்தனை சோப்புப் போட்டாலும் இலேசில் போகாது. பட்டாசு வேலைக்குப் போய்வந்த ஒரு கை இந்த ஆமைகளைத் தூக்கியிருக்கிறது.

பெட்டியில் அவை இட்ட எச்சத்தை அம்மையார் அலசினார். கடைசிச் சல்லடையில் தக்காளி விதையும் கொத்தமல்லித் தண்டும் தங்கின. காட்டில் தக்காளி ஏது? புதரைச் சுற்றி இலை கடித்த தடமும் இல்லை, பழைய எச்சமும் இல்லை. நிலக்கரித் தளத்து யானைச் சாணம் என் நினைவுக்கு வந்தது. எங்கோ சந்தையில் வாங்கி வந்து விட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன்.

அன்று மதியம் ரவிக்குமார் வந்தார். நாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே அம்மையாரின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஆமை காட்டுனாங்களாமே. நம்பாதீங்க. எடுத்துட்டுப் போனதத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுருக்காங்க."

"எங்கேருந்து எடுத்துட்டுப் போனாங்க?" என்றார் அம்மையார்.

ரவிக்குமாரின் சிரிப்பு ஒரு நொடி இடம் தவறிப் போய் மீண்டும் முகத்துக்கு வந்தது. "எங்கேயோ வெளியில இருந்துதான் மேடம். சந்தை கிந்தையா இருக்கும்."

"சரி சரி."

அவர் போன பிறகு அம்மையார் என்னைப் பார்த்தார். "சந்தையில வாங்கினதா இருந்தா 'வாங்கிட்டு வந்தாங்க'ன்னு சொல்லியிருப்பாரு. 'எடுத்துட்டுப் போனது' அவருக்கு எப்படித் தெரியும் சொக்கலிங்கம்? அவரு கண் முன்னாடி யாரோ எடுத்திருக்காங்க. எங்கேன்னு கேட்டுட்டு வாங்க. பேரு எனக்கு வேண்டாம்."

மாலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் நெடுஞ்சாலையில் பெண்களை இறக்கிவிடும் இடத்தில் போய் நின்றேன். இறங்குகிற ஒவ்வொருத்தியின் கையையும் பார்த்தேன். அது அவர்களின் கண்ணில் படாமல் இல்லை.

"என்னய்யா, ரேகை பாக்குறீகளா? எனக்கு எப்பம் நல்ல காலம்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் ஒருத்தி.

"அவுக ரேகை பாக்கல. வளையல் அளவு எடுக்காக" என்றாள் மற்றொருத்தி. சிரிப்பு நீண்ட தூரம் போனது.

ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் பின்தங்கினாள். நாற்பதைத் தாண்டியவள். தூக்குவாளியை இடுப்பில் இடுக்கியிருந்தாள். கூட்டம் ஊருக்குள் போனதும், "அந்த ஆமை செத்துப் போச்சா அய்யா?" என்றாள். இவளே மாரித்தாய்.

"இல்லையம்மா. நன்றாக இருக்கின்றன. எங்கே வாங்கினாய்?"

"வாங்குனதா? நாங்க என்ன களவாணியா, வியாபாரியா? ஆமைய வீட்டுக்குள்ள விடுவாகளா நம்ம பக்கம்? எம் மாமியா இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசல, ஆட்டுப் பட்டியில வச்சதுக்கே."

எனக்குச் சுருக்கென்றது. ஆமையை வீட்டில் சேர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற அச்சம் எங்கள் பக்கத்தில் எவ்வளவு ஆழமானது என்பதை அறிந்தவன் நான். அதைக் காசு கொடுத்து வாங்கிவந்து வீட்டில் வைப்பவள் இந்த ஊரில் இருக்க மாட்டாள் என்பதை என் சந்தேகம் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் சொன்னது இது. ஓடைக்கு மேற்கே இப்போது வெறுந்தரையாகக் கிடக்கும் துண்டு, நாங்கள் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு வரை ஆவாரையும் சங்கஞ்செடியும் மண்டிய முட்காடு. அவள் ஆடு மேய்ந்த இடம். ஒருநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வருகையில் பொக்லைன் எந்திரம் அதை வழித்துக் குவித்துக்கொண்டிருந்தது. புரண்ட மண்ணில் ஆமைகள் மல்லாந்து கிடந்தன. சில நசுங்கிவிட்டன. கைக்கு எட்டிய மூன்றை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அந்த ரவிக்குமாரு அங்கனதான் நின்னாரு. 'ஏய், கீழ போடு'ன்னாரு. நான் போடல. குவிச்ச செடி மேல லோடு லோடாக் கல்லக் கொட்டி மூடிட்டாக. நீங்க கணக்கெடுக்க வாரீகன்னு கேட்டதும், வேற எங்கன விட? கோயில்காடுதான் மிச்சம். அங்கன கொண்டுபோய் விட்டேன்."

"இதை நீ எங்கும் சொல்லவில்லையா?"

"எங்கன போய்ச் சொல்ல? ஆமைய வீட்டுல வச்சிருந்தா செயிலாமே அய்யா. டிவியில காட்டுறாகளே. எம் மகளுக்கு ஆவணியில கலியாணம். என்னையத் தூக்கி உள்ள போட்டா மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்லுவாக? கம்பெனியிலயும் நிப்பாட்டிருவாக. எம் பேர எழுதிராதீக. ஆமையும் வேண்டாம், காடும் வேண்டாம்."

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இரக்கத்தால் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். சட்டத்தின் கண்ணுக்கு அவள் காட்டு விலங்கைக் கைப்பற்றி வைத்திருந்தவள். அனுமதி வருமுன்பே காட்டை அழித்ததற்கு அவள் ஒருத்தியே சாட்சி. அவள் பேசினால் அவள் சிறைக்குப் போகக்கூடும். பேசாவிட்டால் ஆமைகள் கொண்டுவந்து விட்ட பொய்யாகும், அடுத்த பொக்லைன் கோயில்காட்டுக்கு வரும். அன்று இரவு மனத்துக்குள் எத்தனை பாடல் ஓதியும் இந்த முடிச்சு அவிழவில்லை.

பெயரில்லாமல் நடந்ததை அம்மையாரிடம் சொன்னேன். "அவங்க சொல்றதையும் நான் நம்பல" என்றார் அவர். எனக்குச் சினம் வந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. "நம்பித்தான் ஆகணும்னா அவங்க சாட்சிக்கு வரணும். நம்பாம நாமளே பாத்துக்கிட்டா அவங்க எதுக்கு வரணும்? ஆமையையே கேப்போம்."

ஆமையைக் கேட்கும் முறை இதுதான். சிறிய நூற்கண்டு ஒன்றை உறையிட்டு, ஓட்டின் பின்புறத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டுவோம். நூலின் முனையைப் புதரில் கட்டிவிட்டு ஆமையை விட்டுவிட்டால், அது போகும் வழியெல்லாம் நூல் பிரிந்துகொண்டே வரும். மறுநாள் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கே திரும்பியது, எங்கே தங்கியது, எங்கே போக முயன்றது என்பது தரையில் எழுதிவைத்ததுபோல் கிடக்கும். அயலூர் ஆமை புதிய இடத்தில் திசை தெரியாமல் அலையும். அந்த மண்ணின் ஆமை தன் புதரைத் தேடிப் போகும்.

கோயில்காட்டில் விட்டோம். முதல் ஆமையின் நூல் காட்டுக்குள்ளேயே சுற்றிப் பிரண்டைக் கொடியில் சிக்கி அறுந்திருந்தது. அதனால் ஒன்றும் தெரியவில்லை என்றே அம்மையார் குறித்துக்கொண்டார். இரண்டாவது ஆமையின் நூல் காட்டை விட்டு இறங்கி, வறண்ட ஓடையின் மணலைக் குறுக்கே கடந்து, மேற்குக் கரையில் ஏறியிருந்தது. நூலை விரலுக்கிடையில் ஓடவிட்டுக்கொண்டே போனேன். வெறுந்தரையில் ஒரு நிழலும் இல்லாத இடத்தில் அது வளையாமல் போய், வெண்கல் குவியலின் அடியைத் தொட்டது. அங்கே ஏற முயன்று சரிந்த தடம். பிறகு குவியலை ஒட்டியே வலமாகப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போயிருந்தது. சந்நிதி அடைத்திருக்கும் நேரத்தில் வந்துவிட்ட அடியவர் மதிலைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல நூல் அந்தக் கல்லைச் சுற்றிக் கிடந்தது. கண்டின் கடைசி இழை தீர்ந்த இடத்துக்கருகில் ஆமை கல்லிடுக்கில் தலையைச் செருகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆமை மெதுவானது. அதுவும் அதற்கடுத்த நாள் அதே குவியலுக்கு வந்து சேர்ந்தது.

குவியலின் ஓரத்தில் கற்களை அகற்றச் சொன்னார் அம்மையார். அடியில் ஆவாரைக் கிளைகள் நசுங்கிக் கிடந்தன. காய்களில் இன்னும் பசுமை இருந்தது. தண்டைக் கீறினால் உட்பட்டையில் ஈரம் இருந்தது. ரவிக்குமார் வந்து நின்றார்.

"பழைய குவியல்தான் மேடம்" என்றார், கேட்காமலே.

"பழைய கல்லா இருக்கலாம். ஆவாரை இந்தப் பருவத்துக் காயோட இருக்கே" என்றார் அம்மையார்.

அறிக்கை எழுதும்போது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஓட்டிலிருந்த அலுமினியத் தூளையும் தக்காளி விதையையும் விட்டுவிடலாம் என்றேன். நூலும் ஆவாரையும் போதுமே என்றேன். அவர் இணங்கவில்லை. "நாம எழுதாம விட்டத அவங்க கண்டுபிடிச்சா, எழுதின எல்லாமே பொய்யாயிரும்" என்றார். எழுதினோம். உள்ளூரைச் சேர்ந்த ஒருவர் ஆமைகளைக் கையாண்டிருக்கக் கூடும் என்ற வரி அதில் இருந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான். மாரித்தாயின் கழுத்தில் நானே ஒரு கயிற்றைப் போடுவதுபோல் இருந்தது.

நான் அஞ்சியது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வந்து நின்றது. ஊர் எல்லையில் பந்தல் போட்டிருந்தார்கள். சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். பந்தலின் ஒரு பாதியில் பெண்கள். பலர் பட்டாசுக் கம்பெனியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண்மணி, தாம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் என்றும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரவிக்குமார் எழுந்து, ஊருக்கு முன்பே தரப்பட்டிருந்த எங்கள் அறிக்கையின் அந்த வரியைப் படித்தார். "அலுமினியத் தூள் பட்ட கைதான் ஆமையைத் தூக்கியிருக்கு. அது குற்றம். அந்த ஆள் யாருன்னு சொல்லணும். சொல்ல முடியாதுன்னா ஆமை பத்தின பகுதி முழுசையும் நீக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சொக்கலிங்கம் சார்தான் வேன் நிக்கிற இடத்துல போய்க் கையைக் கையைப் பாத்தாரு. அவருக்குத் தெரியும்."

அதிகாரி என்னை நோக்கினார். நாலாவது வரிசையில் மாரித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்நாள் முழுவதும் பிறரிடம் சான்று கேட்டவனிடம் இப்போது சான்று கேட்கப்பட்டது. பொய் சொல்ல என் நா வராது. மெய் சொல்லவும் வரவில்லை. எழுந்து நின்றேன்.

"வெள்ளிக் கையத்தான தேடுதீக?" என்றது ஒரு குரல். வேன் நிற்கும் இடத்தில் என்னிடம் நல்ல காலம் கேட்டவள். கையை உயர்த்தி விரித்தாள். சாம்பல் வெள்ளியாய் மின்னியது. "இந்தாங்க. இந்தக் கையா பாருங்க."

அவள் பக்கத்திலிருந்தவள் கையை உயர்த்தினாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. "எங்கையும்தான். சேத்து எழுதிக்கோங்க" என்று ஒருத்தி. "செயில்ல எம்புட்டு எடம் இருக்கு? அம்புட்டுப் பேரும் வாரோம். வேன் மட்டும் நீங்க அனுப்பிருங்க" என்று மற்றொருத்தி. பந்தல் சிரித்தது. மாரித்தாயின் கை கடைசியில்தான் எழுந்தது. அத்தனை கைகளுக்கு நடுவே அதைத் தனியாகக் காண முடியவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "கைநிறத்த வச்சு யாரையும் அடையாளம் சொல்ல முடியாதுங்க" என்று ரவிக்குமாரிடம் சொன்னார். "அந்தக் குவியலுக்கு அடியில பச்சைச் செடி எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

ரவிக்குமார் அறிக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயில்காடும் ஓடையின் இரு கரையும் விரிவாக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. காடு அழித்தது குறித்துத் தனியே விசாரிக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அந்த விசாரணை எங்கே போய் நின்றது என்பதை நான் இன்றுவரை அறியேன். எங்கும் போகவில்லை என்றே சந்தேகிக்கிறேன். மாரித்தாயின் மகளுக்கு ஆவணியில் திருமணம் நடந்தது. அழைப்பிதழ் எனக்கும் வந்தது.

கூட்டம் முடிந்து காரில் திரும்பினோம். சாத்தூர் தாண்டியதும் அம்மையார், சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடி உக்காந்திருந்த சத்துணவு அம்மா கையைக் கவனிச்சீங்களா சொக்கலிங்கம்?"

கவனித்திருந்தேன். மத்தாப்பு மருந்தை ஒருநாளும் தொடாத அந்தக் கை முழங்கை வரை வெள்ளியாக இருந்தது. ஒரு விரலிடுக்கில் தூள் உதிராமல் அப்படியே நின்றது. சற்று முன்புதான் பூசியிருக்க வேண்டும். அதைக் கண்ட பிறகு, உயர்ந்த மற்றக் கைகளில் எத்தனை வேலையிலிருந்து வந்தவை, எத்தனை பந்தலுக்குப் பின்னால் தயாரானவை என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. கூட்டம் தொடங்குமுன் அங்கே ஒரு வாளித் தூள் கைக்குக் கை சுற்றி வந்திருக்கிறது.

"பார்த்தேன் மேடம்" என்றேன். "பின்னிணைப்பில் எழுத வேண்டுமா?"

யானைச் சாணத்தை எழுதாமல் விட மறுத்தவர் அவர். எதையும் எழுதாமல் விட்டு நான் கண்டதில்லை. தோள்பையை மடியில் வைத்துச் சல்லடைகள் இருக்கிற பக்கத்துக் கொக்கியைப் போட்டார்.

"நமக்குக் கொடுத்த வேலை தாவரமும் விலங்கும்" என்றார். "மனுஷங்க கையப் பத்தி யாரும் கேக்கல."

சிறிது நேரம் கழித்து, "சரி" என்றார். ஒரே ஒருமுறை.